மாமனார் வீட்டில் ஒரு மேலாளர்

ஊரடங்கு என்று அறிவித்த அன்று நான் மாமனார் வீட்டில் இருந்தேன். ஓர் ஆண்மகன் மாட்டிக்கொள்ளக் கூடாத இடம் அது என்று அப்போது தெரியவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டில் மனைவிக்கு வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அரியலூர் தாண்டி, ஏலாக்குறிச்சி போகிற பாதையில் ஒரு சிற்றூர். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிச் சென்னைக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ஒரு பேண்ட், இரண்டு சட்டை, ஒரு லுங்கியோடு போயிருந்தேன். அந்த முதல் பஸ் வரவேயில்லை. பெரம்பலூருக்காவது போய்விடலாம் என்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ரோடெல்லாம் போலீஸ் நிக்குதாம். அங்க ஒனக்கு என்னடா கொறச்சல்? மாப்பிள்ளையா ஒக்காந்து சாப்புடு" என்றாள் அம்மா.

சாப்பிட்டேன். முதல் பத்து நாட்கள் அப்படி ஒரு மரியாதை. மாமனார் அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றவர். நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து நிற்பார். "இருக்கட்டும் மாமா, உக்காருங்க" என்று நான் பெருந்தன்மையாகச் சொல்வேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் கோழி போய் ரசமும் பருப்புத் துவையலும் வந்தன. என் சட்டைகள் நைந்துபோனதால் மாமனாரின் பனியனைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். நான்காவது வாரம் அவர் எழுந்து நிற்கவில்லை. "மாப்ள, சும்மாத்தான இருக்கீங்க, அந்த மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டிருங்க" என்றார். மாட்டுக்கே என்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வாளியை நான் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

அந்த மரியாதையெல்லாம் யாருக்கு என்று சொல்லியாக வேண்டும். மேலாளருக்கு. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே, படிப்புக்கு அடுத்து, 'மேலாளர், சென்னை' என்று அச்சடித்திருந்தார்கள். தரகர் கிளப்பிவிட்டது. பெரம்பலூர் மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் அதே வார்த்தை என் தலையைவிடப் பெரிதாக இருந்தது. மறுத்திருக்க வேண்டியவன் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை, "ஒங்களுக்குக் கீழ எத்தன பேருங்க மாப்ள?" என்று மாமனார் கேட்டார். பன்னிரண்டு பேர் என்றேன். என் வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர்.

உண்மையில் நான் பார்த்த வேலை, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவு. மிக்ஸி ஓடவில்லை என்று நீங்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுகிறவன் நான்தான். ரிப்பேர் செய்ய எனக்குத் தெரியாது. வருத்தப்பட மட்டும் தெரியும். ஓர் அழைப்புக்குக் குறைந்தது மூன்று மன்னிப்பு கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி: எடுத்தவுடன் ஒன்று, நடுவில் ஒன்று, வைக்கும்போது ஒன்று. இதில் நான் கெட்டிக்காரன். தவறாமல் மூன்றும் கேட்டதற்காக ஒரு தடவை சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதை வீட்டில் மாட்டவில்லை.

இது என் மனைவிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு போனில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல இப்ப சொல்ல வேணாம், பின்னாடி பாத்துக்கலாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். சரி என்றாள். அந்தப் பின்னாடி இரண்டு வருஷமாக வரவில்லை.

ஊரடங்கு நீண்டதும், எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பிளஸ் டூவில் என் மனைவிக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பீரோவில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் மேல் அப்படியே இருந்தது. வீடு முழுக்க லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுற்றியதில், நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அந்த அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அடுப்படி. அடுப்படியில் மாமியார்.

இங்கிலீஷில் பேசுகிற வேலையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்ன செய்வது, நான் தமிழ்ப் பிரிவு. குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்தேன். "சத்தமாப் பேசுய்யா, திருட்டுப் பொருளா விக்கிற?" என்று மதுரைக்காரர் ஒருவர் கத்தினார். அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டேன்.

அந்த நாட்களில் வந்த அழைப்புகள் சாதாரணமானவை அல்ல. எந்த ஊருக்கும் மெக்கானிக்கை அனுப்ப முடியாது. ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் கதவு திறக்காமல் பதினோரு நாளாகத் துணி உள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் தினமும் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு, இன்றைக்கு நாற்றம் எந்த அறைவரை வந்திருக்கிறது என்று சொல்வார். இன்னொருவர் வழக்குப் போடப் போவதாக மிரட்டினார். எல்லாருக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அடுப்படிக்கு அவர்கள் குரல் கேட்காது, காதில் ஹெட்செட். என் குரல் மட்டும் கேட்கும்.

"தப்பு முழுக்க எங்க பக்கம்தாங்க. மன்னிச்சுக்குங்க சார். கோர்ட்டுக்கெல்லாம் போக வேணாம் சார், கொஞ்சம் டைம் குடுங்க. இனிமே இப்படி நடக்காது மேடம். எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்குறேன் மேடம்."

ஒரு நாளைக்கு அறுபது தடவை.

ஒரு வாரம் இப்படிப் போனது. திடீரென்று சாப்பாட்டில் கோழி திரும்பி வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வது நின்றது. மாமியார் டீ டம்ளரைத் திரைக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சோடு போவார். மாமனார் என்னைப் பார்த்தால் மறுபடி எழுந்து நிற்க ஆரம்பித்தார். வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கிற தோரணையில் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் மூன்றாவது தடவையும் கோழி கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியம் திரைக்கு வெளியிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"மாப்ள, ஒரு அஞ்சு நிமிசம் பேசலாங்களா?"

உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து அவரைச் சட்டையோடு நான் பார்த்ததில்லை. நெல் மூட்டையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க அத்த நாலு நாளா தூங்கல. அடுப்படியில நிக்கறப்ப நீங்க பேசுறது காதுல வுழுதுங்க. நேத்து நானும் நின்னு கேட்டேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் யார் யாருகிட்டயோ மன்னிப்பு கேக்குறீங்க. கோர்ட்டுக்குப் போவாதீங்கன்னு கெஞ்சுறீங்க. ஆபீஸ்ல என்னங்க ஆயிப்போச்சு?"

காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

"மேனேஜர்னு இருந்தா கையெழுத்து போடுறதுல முன்னப் பின்ன ஆவறதுதான். யாரும் செய்யாததா? பஸ்ஸு வுட்டதும் நானே மெட்ராஸ் வரேன். ஒங்க மேலதிகாரி யாருன்னு மட்டும் காட்டுங்க, கால்ல வுழுந்தாவது கேட்டுக்குறேன். மாசமா இருக்குற புள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம்."

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யோசித்தேன். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மேலாளராகவே இருந்துவிடலாமா, தப்பே செய்யாத போன்காரன் என்று ஒப்புக்கொள்வதா என்று நிஜமாகவே யோசித்தேன். திருட்டு மேலாளர் என்றாலும் மேலாளர்தானே? ஃபிளெக்ஸ் பொய்யாகாது. அவ்வளவு தூரம் போனது என் புத்தி. பிறகு அவர் சென்னைக்கு வந்து, எங்கள் டீம் லீடரான இருபத்து நாலு வயதுப் பெண்ணின் முன்னால் அந்த வெள்ளைச் சட்டையோடு குனிவதை நினைத்துப் பார்த்தேன். தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தரகர், பத்திரிகை, பன்னிரண்டு பேர், மூன்று மன்னிப்பு. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, யாரு வூட்டு மிக்ஸியோ ஓடலன்னா நீங்க மன்னிப்பு கேக்கணுமா?"

"ஆமாங்க மாமா."

"நீங்களா கெடுத்தீங்க?"

"இல்லிங்க மாமா."

மூட்டையை ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். நெல் தூசி பறந்தது. "அட, முப்பது வருசம் நானும் இதத்தாங்க பண்ணேன்! பஸ்ஸு பஞ்சரானா டிரைவர எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். எறங்கி வந்து எஞ்சட்டையத்தான் புடிப்பான்." அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, ஒண்ணுமில்ல, போயி நிம்மதியா இரு" என்று குரல் கொடுத்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு சுலபமாக முடியப் போவதற்கா இரண்டு வருஷம் பயந்தோம் என்று தோன்றியது. உடனே, மாட்டுக்கு மறுபடி தண்ணீர் காட்டச் சொல்வார்களே என்ற கவலையும் வந்தது.

எழுந்தவர் திரையைப் பிடித்தபடி நின்றார்.

"ஒண்ணு கேக்குறேன். எம்பொண்ணுக்கு இது தெரியுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மட்டும் பொய் வரவில்லை.

"தெரியுங்க மாமா."

"எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடிலேருந்து."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லீங்க அது. பத்தாவதுல கணக்குல பெயிலானப்பகூட ஓடியாந்து மொதல்ல எங்கிட்டதான் சொன்னுச்சு." சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். சட்டையைக் கழற்றாமலே மாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குள் ஓர் அழைப்பு வந்துவிட்டது. யாருடைய கிரைண்டரோ சுற்றவில்லை. மனசு எங்கேயோ இருந்தும் மூன்று மன்னிப்பும் சுத்தமாக வந்து விழுந்தன. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு உள் அறைக்குப் போனேன்.

மனைவி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"எனக்கும் தெரியும்னு சொல்லிட்டீங்களா?"

"கேட்டாரு. சொல்லிட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கட்டிலருகே நின்று வாயைத் திறந்தேன். "உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று கம்பெனி வாசகம்தான் வந்தது. பாதியில் நிறுத்தினேன்.

"என்னையும் கஸ்டமராக்கிட்டீங்களா?" என்றாள். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினாள். "ரெண்டு வருசமா எங்கப்பா போன் பண்ணா, மாப்ள வேல எப்படின்னு கேட்டுருவாரோன்னு பயந்து, அம்மாகிட்ட குடுங்கன்னு சொல்லிருவேன். அவரு ரிட்டயர் ஆன அன்னிக்குக்கூட ரெண்டு நிமிசம்தான் பேசுனேன். ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்தப் பொய்யால் பயந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், திட்டு வாங்குவது என் தொழில். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் பண்ணது தப்பு" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். தூக்கிவிடச் சொல்கிறாள் என்று புரிந்து, பிடித்து எழுப்பினேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கொல்லைக்கு நடந்தாள். நான் பின்கதவோடு நின்றுவிட்டேன்.

மாமனார் அவளைப் பார்த்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். நிறைமாதத்தை நெருங்குகிற பெண் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசப் பேச அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷமாக அந்த மனிதரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது இந்தப் பேச்சைத்தான்.

மூட்டை அறையில் விட்டுவந்த என் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, கம்பெனியிலிருந்துதான் கூப்பிடுவார்கள். நான் போகவில்லை. பொழுது சாயும்வரை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவர் உரக்கச் சிரித்தார். எதற்கு என்று போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.