அம்மா நம்பர் மட்டும்

கறாரக்கா என்பது அவளுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர். அதைக் கேட்டு அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். மாத்திரைகளை அட்டையில் அடைத்து, அட்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்புகிற பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஓடுகிற பெல்ட்டில் ஏதாவது ஓர் அட்டையில் ஒரு குழி காலியாக வந்துவிட்டால் போச்சு, பெல்ட்டையே நிறுத்திவிடுவாள். "ஒரே ஒரு மாத்திரைதானேக்கா" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், "அந்த ஒண்ணை நம்பித்தான் ஒருத்தர் தூங்கப் போவாரு" என்பாள். அதற்கு மேல் யார் பேசுவது?

அந்தப் பிரிவுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகக்கவசம், உடம்புக்குப் பாக்கெட்டே இல்லாத ஓர் அங்கி. போனை வாசல் கேட்டில் இருக்கிற மர அலமாரியில், அவரவர் அறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வருடக்கணக்கில் பழகிப்போன காரியம். கை தானாகப் போய் வைத்துவிட்டு வரும், மூளைக்கு அதில் வேலையே கிடையாது.

கேட்டில் உட்கார்ந்திருப்பவன் ஒரு வாட்ச்மேன் தம்பி. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருமுறை அலமாரியில் யாருடைய போனோ விடாமல் அலற, எடுத்து, மறுமுனையில் இருந்த மனிதரிடம் குடும்பக் கதையெல்லாம் பேசிவிட்டான். கறாரக்கா விடுவாளா? மேனேஜர் வரைக்கும் போய்விட்டாள். "அடுத்தவங்க போன் அலறினாலும் சரி, அழுதாலும் சரி, நீங்க தொடக்கூடாது தம்பி" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து அவன் அந்த அலமாரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

வீட்டில் அவளைத் தவிர இருவர். கணவர் எலக்ட்ரீஷியன். ஏணியில் நிற்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போனும் கையுமாகத்தான் இருப்பார். பாத்ரூமுக்குள் போனால் உள்ளேயிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கும், மனிதர் வெளியே வர அரைமணி ஆகும். மகள் ஆறாம் வகுப்பு. பேச்சில் அப்பனையும் ஆத்தாளையும் விழுங்கிவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல்.

பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை பிள்ளை கையில் போன் கிடையாது என்று கறாரக்கா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், அங்கே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். இதனால் அவளுக்கு இரண்டு கல்யாண அழைப்பு வராமல் போனது தனிக்கதை.

இப்படிப்பட்டவளை அசைத்தது மாடி வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, வக்கீல் அப்படிக் கூப்பிடுவாள், அவ்வளவுதான். பள்ளிவிட்டு வந்ததும் வக்கீல் மாடிக்குப் போய்த் தலையைக் காட்டுவாள், பலகாரம் ஏதாவது வாங்கித் தின்றுவிட்டுக் கீழே வருவாள். அந்த அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். நாலு மணியிலிருந்து கறாரக்கா வீடு திரும்பும் ஆறரை வரைக்கும் பிள்ளை தனியாகக் கிடந்தது. கறாரக்கா யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நாலு மணி ஆனால் போதும், அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். பஸ்ஸைவிட்டு இறங்கியிருப்பாளா? சாவியைத் தொலைத்திருப்பாளா? கதவை உள்ளே பூட்டினாளா? பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம்.

கணவர்தான் பேச்சை எடுத்தார். "ஏம்மா, சும்மா ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுப்போமே. படமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வந்து சேர்ந்ததும் ஒரு போன் போட்டா உனக்கும் நிம்மதி."

"நீங்க பேசாதீங்க. பாத்ரூமுல போனோட குடித்தனம் பண்ற ஆளு."

வக்கீல் குறுக்கே புகுந்தாள். "அம்மா, உனக்கு என்மேல நம்பிக்கை இல்லையா, இல்ல போன்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்கப்பாமேலதான் நம்பிக்கை இல்ல. உனக்கு வாங்கறேன்னு சொல்லிட்டு அவரு எடுத்து வச்சுக்குவாரு."

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தபின் கறாரக்காவால் பழைய முறைப்புக்குத் திரும்ப முடியவில்லை. வாங்கிவிட்டார்கள்.

வாங்கியது சின்னப் போன், ஆனால் அதற்கு அவள் போட்ட சட்டம் பெரிது. பள்ளியில் அணைத்தே இருக்க வேண்டும். இரவு பிரிட்ஜ் மேல் தூங்க வேண்டும். தெரியாத நம்பர் வந்தால் எடுக்கக் கூடாது. தோழிகளுக்கு நம்பர் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போனுக்குள் ஒரே ஒரு எண்தான் இருக்கும், அம்மா எண். கணவர் தயங்கித் தயங்கி, "என்னோடதையும் போட்டு வைக்கலாமே" என்றார். "போட்டா ரெண்டு பேரும் சேர்ந்து ஜோக் அனுப்பி விளையாடுவீங்க" என்று அதையும் வெட்டிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டு. உடனே எனக்குப் போன் போடு. என்கிட்ட பேசின பிறகுதான் டிரெஸ் மாத்தறது, சாப்பிடறது, டிவி எல்லாம். புரியுதா?"

"புரியுது யுவர் ஆனர்" என்றாள் வக்கீல்.

மறுநாள் கறாரக்கா நல்ல சந்தோஷத்தில் வேலைக்குப் போனாள். பெல்ட்டில் இருந்த பெண்களிடம், "வாங்கிக் குடுத்துட்டேன்டி, ஆனா நம்ம கண்டிஷன்ல" என்று பெருமையடித்துக்கொண்டாள். கறாரக்காவே இறங்கிவந்துவிட்டாள் என்று அவர்களுக்கு ஒரே கேலி. அவளும் சேர்ந்து சிரித்தாள். நாலு மணி ஆயிற்று, நாலே கால் ஆயிற்று. இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்துக் கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கியில் பாக்கெட் இல்லை. கை அப்படியே நின்றது.

அட அறிவே! போன் கேட்டில் அல்லவா இருக்கிறது! எந்த நேரம் அணைப்பது, எங்கே தூங்க வைப்பது என்று உலகத்தையே யோசித்தவள், கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டுமே என்பதை யோசிக்கவில்லை.

வெளியே ஓடவும் வழியில்லை. அன்றைக்கு வர வேண்டிய இன்னொரு மேற்பார்வைக்காரி லீவு, அவள் போனால் பெல்ட் நிற்கும், அந்த மருந்துக்கு லாரி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் நின்று அட்டைகளைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர எதுவும் கண்ணில் ஏறவில்லை. ஒரு காலி அட்டை தாண்டிப் போனதைப் பக்கத்துப் பெண்தான் பிடித்தாள். "என்னக்கா ஆச்சு?" என்று அவள் கேட்டபோது கறாரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேலை முடிந்ததும் கேட்டுக்கு ஓடினாள். அவள் கை அலமாரியைத் தொடுவதற்கும் போன் அடித்து ஓய்வதற்கும் சரியாக இருந்தது. திரை முழுக்க ஒரே எண்ணிலிருந்து வந்த அழைப்புகள்.

"சாயங்காலம் பூரா அடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா" என்றான் வாட்ச்மேன்.

"எடுத்துப் பேசியிருக்கக் கூடாதா தம்பி!"

அவன் அவளையே பார்த்தான். "நீங்கதானேக்கா அலறினாலும் அழுதாலும் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

அவள் சட்டம் அவளையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது, அந்தப் பையனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பஸ்ஸில் ஏறி மகளைக் கூப்பிட்டாள். எண் பிஸி. மறுபடி கூப்பிட்டாள், பிஸி. யாரிடம் பேசுகிறாள் இவள்? இருக்கிறதே ஒரு எண்தானே! கணவரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஏணிமேல் இருப்பார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் அவள் முகம் தெரியவில்லை. மூன்றாம் முறையும் பிஸி. பிறகுதான் உறைத்தது. அவளும் இங்கிருந்து கூப்பிடுகிறாள், பிள்ளையும் அதே நேரம் அங்கிருந்து கூப்பிடுகிறது. இருவரில் ஒருவர் சும்மா இருந்தால்தான் மற்றவர் நுழைய முடியும்.

போனை மடியில் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அதைப்போலக் கஷ்டமான வேலையைச் செய்ததில்லை. போன் அடித்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்" என்றாள் மகள். "கதவைப் பூட்டிட்டேன். இப்ப சாப்பிடலாமா?"

கறாரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "சாப்பிடு கண்ணு. இந்தா வந்துட்டேன்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பிள்ளை பள்ளிச் சட்டையோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "நீதானம்மா பேசின பிறகுதான்னு சொன்னே" என்றது வாய் நிறையச் சோற்றோடு. கோபம்கூட இல்லை அதற்கு. அம்மா சொன்னாள், செய்தது. கறாரக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். "தப்பு என்னோடதுடி" என்றாள்.

"அப்போ கேஸ் எனக்குச் சாதகமா?"

"உனக்குத்தான்."

இரவு கணவர் எண்ணும் அந்தப் போனுக்குள் ஏறியது. மனிதர் உடனே சோதித்துப் பார்க்கிறேன் என்று அடுத்த அறையிலிருந்து மகளைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பேசினார். கறாரக்கா அதட்டவில்லை.

மறுநாள் காலை கேட்டில் போனை வைக்கும்போது அவள் கை கொஞ்சம் நின்றது. வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டான், இன்றைக்கு என்ன புகாரோ என்று.

"தம்பி, நாலே காலுக்கு இது அடிக்கும். நீங்க எடுக்கணும்."

"அய்யோ, நானா? மேனேஜர்..."

"மேனேஜர்கிட்ட நான் ராத்திரியே போன்ல பேசிட்டேன். நான்தான் தொடக்கூடாதுன்னேன், நானே சொல்றேன், தொடுங்க. என் பொண்ணுதான் பேசுவா. எடுத்துட்டு, உள்ள வர்ற யார்கிட்டயாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டாப் போதும்."

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரிக்கா. வாய் நீளம்னு திட்டக் கூடாது. எடுத்து என்ன சொல்லணும்?"

கறாரக்கா கொஞ்சம் யோசித்தாள். கதவு, பூட்டு, டிரெஸ், டிவி, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போயின.

"அவ வந்துட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடியே நீங்க முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க தம்பி, சாப்பிடுன்னு."