சொல்தா வீட்டு ஆழ்குழாயில் குடியிருந்தவர்கள்

செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடுவதை அறிவியல் ஆர்வம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஆராய்ச்சி மாணவி குடியிருந்தாள். படிப்பு நுண்ணுயிரியல். ஒருநாள் அவள் படியிறங்கி வந்து, "சார், தண்ணீர் விஷயமா பேசணும்" என்றபோது மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது என்றுதான் பயந்தேன்.

விஷயம் அதைவிட ஆழமானது. பூமிக்கு அடியில், வெயில் படாத, காற்று எட்டாத பாறை இடுக்குகளில் உயிர்கள் இருக்கின்றனவாம். கண்ணுக்குத் தெரியாதவை. பாறையும் நீரும் சேர்ந்து எதைக் கொடுக்கின்றனவோ அதைத் தின்று பிழைக்கின்றன. நம் வயிற்றில் இருக்கும் கிருமி அரை மணியில் ஒன்று இரண்டாகிவிடும்; இவற்றில் சிலதுக்கு ஒரு மனித ஆயுள்கூடப் போதாது என்றாள். அலுவலகத்தில் என் பதவி உயர்வுக் கோப்பு நினைவுக்கு வந்தது. அந்த உயிர்கள்மேல் எனக்கு உடனே ஒரு பாசம் உண்டாகிவிட்டது.

அவற்றைப் பிடிக்க ஆழத்துத் தண்ணீர் வேண்டும். மேல்தண்ணீர் உப்புக் கரிப்பதால் எங்கள் தெருவில் எல்லாருமே ஆழம் போனவர்கள்தான். ஆனாலும் எதிர்வீட்டு சொல்தாவை யாரும் எட்டவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவருக்கு மீசை, மெடல்கள், பிரான்ஸ் பென்ஷன், எல்லாம் உண்டு. தெருவில் யார் போர் போட்டாலும் சரி, லாரி திரும்பிப் போவதற்குள் அதை மடக்கித் தன் வீட்டுக் குழாயை இன்னும் கீழே இறக்கிவிடுவார்.

அனுமதி கேட்க அவள் போனாள். துணைக்கு நானும் போய், தலையாட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பிரான்சிலிருந்து அவளுடைய பேராசிரியை கருவிகளோடு வருகிறார், காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இரவே விமானம் ஏறிவிடுவார் என்றதும் சொல்தா நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். மாணவிக்கோ இது ஒன்றுதான் வாய்ப்பு. பேராசிரியை அடுத்த முறை வருவதற்குள் அவளுடைய உதவித்தொகை முடிந்துவிடும். தண்ணீர் கிடைக்காவிட்டால் ஆய்வை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

குறித்த காலையில் சொல்தா கோட்டும் மெடலுமாக வாசலில் நின்றார். பேராசிரியை வந்ததும் பிரெஞ்சில் வரவேற்பு. உள்ளேயிருந்து சொல்தாவின் மனைவி காப்பி கொண்டுவந்தார். பேராசிரியை கோப்பையை உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினார். மாணவியைப் பார்த்தார். மாணவி தன் கோப்பையை முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன். நீச்சல் குளத்தில் டிகாக்ஷன் ஊற்றிய மாதிரி இருந்தது.

"முசியே, தண்ணில ஏதாவது போட்டீங்களா?" என்று மாணவி சொல்தாவை மரியாதையாகவே கேட்டாள்.

"நேத்து சாயந்திரம் ப்ளீச்சிங் பவுடர் எறக்கிட்டேன் பாப்பா. ஒரு பை நெறைய. பிரான்ஸ்லேர்ந்து வர்ற மதாம், நம்ம வீட்டுத் தண்ணில கிருமி இருக்குன்னு எழுதிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

விருந்தாளி வந்தால் நாமெல்லாம் சுவருக்கு வெள்ளையடிப்போம். அவர் பாதாளம்வரை அடித்துவிட்டார்.

மாணவி மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் காலி பாட்டில்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "காப்பி ஆறிடும்" என்றேன். அதற்குள் சொல்தா தன் ஏற்பாட்டை மதாமுக்கு பிரெஞ்சில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். மதாம் முழுவதும் கேட்டார். காப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு பொறுமையாகப் பேச ஆரம்பித்தார். கேட்கக் கேட்க சொல்தாவின் மீசை இறங்கியது.

"மோட்டார நிறுத்தாம ஓட்டணுமாம்," என்றார் எங்களிடம், சிப்பாய்க் குரலில்.

பவுடர் குழாயிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கும்; விடாமல் இறைத்தால் பாறைக்குள் பவுடர் எட்டாத தூரத்தில் இருக்கும் தண்ணீர் நகர்ந்து வரும் என்பது மதாமின் கணக்கு. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாகியது. மஞ்சள் மறைகிறவரை இறைக்கவேண்டும்.

இறைத்தோம். இவ்வளவு தண்ணீர் தெருவில் ஓடினால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வாளியோடு வந்தார்கள். "குடிக்காதீங்க, கழுவுறதுக்கு மட்டும்" என்று கத்துவது என் வேலையானது. ஜமுக்காளம், சைக்கிள், ஜன்னல், வாய்க்கால் என்று தெருவே குளித்தது. என் ஸ்கூட்டரின் நிறம் பச்சை என்று அன்றுதான் தெரிந்தது. நடுநடுவே மதாம் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்ட, ஈர வேட்டிகள் சூழ்ந்து நின்று, "இன்னும் மஞ்சதான்" என்று தீர்ப்புச் சொல்லின.

வெளிர்மஞ்சளுக்கு வந்த நேரத்தில் கரண்ட் போனது.

சொல்தா கொல்லைப்பக்கம் போனார். பெண் கல்யாணத்துக்கு வாங்கி, அதற்கப்புறம் உறையைக்கூட யாரையும் தொடவிடாத ஜெனரேட்டரை அங்கேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, மோட்டாருக்கு மட்டும் கொடுத்தார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் டீசல் கேனுடன் அதன் பக்கத்திலேயே நின்றார். மெடல் குத்திய கோட்டு கொடிக்கயிற்றில் ஜமுக்காளங்களோடு ஆடிக்கொண்டிருந்தது.

வெயில் சாயும்போது மதாம் குழாயைத் தூக்கினார். நிறமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் பாட்டில்களை நிரப்பினார்கள். மாணவி ஒவ்வொரு மூடியையும் இரண்டு முறை திருகி இறுக்கினாள். மதாம் விமானத்தைப் பிடித்துவிட்டார்.

சில மாதம் கழித்து அவள் லட்டும் ஒரு படமுமாக சொல்தா வீட்டுக்குப் போனாள். தலையாட்ட நானும் போனேன். கறுப்புப் பின்னணியில் பச்சைப் பச்சையாய்ப் புள்ளிகள், நுண்ணோக்கியில் தெரிந்த அந்த ஆழத்து உயிர்கள். உயிரோடுதான் வந்திருக்கின்றன, ஆய்வு தொடர்கிறது. சொல்தா படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது பிரான்ஸா இந்தியாவா என்று வீட்டுக்கு வீடு குடியுரிமை ஒப்ஷன் எடுத்த தலைமுறை அவர்.

"இவங்க எந்தப் பக்கம் பாப்பா?"

"அவங்ககிட்ட யாரும் ஒப்ஷன் கேக்கல, முசியே."

"கேக்க வேணாம். நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

படம் இப்போது கூடத்தில், அவருடைய பட்டாளத்துக் குழுப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அடுத்த கோடையில் மூன்றாம் வீட்டுக்காரர் அவரைத் தாண்டி ஆழமாகப் போர் போட்டார். லாரி தெருவில் நின்றது, சொல்தா வாசலில் நின்றார், மடக்கவில்லை. ஏன் சும்மா விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கீழ ஆளு இருக்காங்க, தம்பி" என்றார்.