ரசத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறவர்

நான் படித்த மகளிர் கல்லூரி விடுதியில், கூடம் நிறைய உட்கார்ந்த பெண்கள் பப்படம் நொறுக்கும் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. மழை பிடிப்பதுபோல் ஒரு மூலையில் தொடங்கி எங்கும் பரவும். மனம் சோர்ந்தவர்களுக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுக்கும் என் உத்தியோகத்தில் அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. இங்கே எல்லாரும் ஓசைப்படாமல் மெலிகிறார்கள். "இன்னும் ஒரு வாய்" என்று வீட்டில் யாரையாவது கெஞ்சித் தோற்றிருப்பீர்கள். எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு திராட்சை

வலியசாலையில் இருக்கும் ராமநாதன் மாமாவை மனநல டாக்டர் என்னிடம் அனுப்பினார். மனைவி இறந்துபோனபிறகு ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்று எச்சரித்திருந்தார்கள்.

கவனித்துச் சாப்பிடும் பயிற்சிக்காக வழக்கம்போல் அவர் உள்ளங்கையில் ஓர் உலர்ந்த திராட்சையை வைத்தேன். பாருங்கள், முகருங்கள், நாக்கில் உருட்டுங்கள் என்று எனக்கே தூக்கம் வரும் குரலில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் செய்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பேஷா இருக்கு மாமி. இது பாயசத்துலே போடறதாச்சே, பாயசம் எங்கே?"

வீட்டுப்பாடம்

டிவி வேண்டாம், பேச்சு வேண்டாம், தட்டும் நீங்களும் மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது கவிதை மாதிரி ஒலித்தது. அந்த மயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அடுத்த முறை வந்தபோது அவருடைய சட்டைத் தோள் முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது. வரவேற்பில் இருக்கும் லதிகா எடை பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து தன் மலையாளத் தமிழில் கேட்டாள்.

"டீச்சரே, பெண்டாட்டி போன மனுஷனை பின்னேயும் ஒற்றைக்கு இருத்தணும்னு எந்தப் புஸ்தகத்துல உண்டு?"

சமையலறை வாசல்

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா வீட்டுக்கே போனேன். சமையற்கார அம்மாள் சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாமா அதைச் சாப்பிட்டுவிட்டு, எச்சில் காயும் கையோடு சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகா, ருசியில் ஆழ்ந்துவிட்டார், என் பயிற்சி பலித்தது என்று பூரித்தேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். ரசமும் மோரும் உள்ளே மூடியபடி இருந்தன. ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"ரசம் ஆத்துக்காரி கொண்டுவந்து விடணும். நானா உள்ளே போய் எடுத்துண்டு பழக்கமே இல்லையே."

இரண்டு இலை

எடுத்துப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தேன். தன் கையால் விட்டுக்கொண்டால் மருந்து மாதிரி இருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார். மறுநாள் நானே கரண்டியை எடுத்தேன். ரசம், மறுபடி சோறு, மோர் என்று எல்லாம் உள்ளே போயிற்று. ஆனால் தினமும் நான் போய்ப் பரிமாற முடியுமா?

அதே தெருவில் சுப்பிரமணியமும் மனைவியை இழந்த தனி ஆள், ஹோட்டல் சாப்பாடு. மாமாவின் சமையற்கார அம்மாளை அங்கே சமைத்து வைத்துவிட்டுப் போகச் சொல்லி, இருவரையும் சுப்பிரமணியம் வீட்டில் இலை போட்டுச் சேர்த்து உட்கார்த்தினேன். முதல் நாள் இரண்டு பேரும் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டுச் சமையலறை வாசலைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. என்னையும் பார்த்தார்கள், நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் சுப்பிரமணியம் முனகிக்கொண்டே எழுந்து ரசத்தோடு வந்தார். ஊற்ற ஊற்ற மாமா தலையைத் தூக்கவில்லை.

"ஓய், போறும்னு வாயைத் திறந்து சொல்லும்! இல்லேன்னா நான் விட்டுண்டேதான் இருப்பேன்."

ஒரு வாயை எப்படி மெல்வது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கும் நான் கரமனையில் என் வீட்டு அடுப்பருகே நின்றபடியே விழுங்கிவிட்டு பஸ் பிடிக்கிறேன். ராமநாதன் மாமா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, பகல் சாப்பாடு இப்போது சுப்பிரமணியம் வீட்டில்.