யாரையும் அடிக்காத கூட்டணி

போனில் நான் ஆடும் கோட்டை விளையாட்டில் ஒரு கூட்டணி உண்டு. யாரையும் தாக்காது, தன் ஆளைத் தொட்டால் மட்டும் மொத்தமாக வந்து நிற்கும். எங்கள் கூட்டணியில் அவர்களைத் தொடைநடுங்கிகள் என்போம்.

இன்று டவுண் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் அதே கூட்டணியின் கொடி.

"சண்டையே போட மாட்டியளோ?" என்றேன் இளக்காரமாக.

"எதுக்கு அண்ணாச்சி? கோயில் கொடைக்கு மூணு நாள் ஊருக்குப் போனேன். எல்லாரும் படை அனுப்பிக் காவல் நின்னிருக்காவ. ஒரு செங்கல் நகரல."

நானும் போன மாதம் எங்கள் ஊர்க் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் கோட்டை சாம்பல். கொளுத்தியது என் கூட்டணிக்காரனேதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர்களோடு சேர விண்ணப்பித்தேன். பதிலாக வந்தது ஒரே கேள்விதான்: "இதுவரை எங்களை எத்தனை முறை தாக்கியிருக்கிறீர்கள்?"

பதினோரு முறை. என்ன எழுதட்டும், சொல்லுங்கள்.