லிஃப்ட்டுக்காரரின் இறக்கை

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து, அதன் வழியாகக் கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டிருக்கிறார். பெயர்தான் கயிறு, செல்போன் சார்ஜர் வயரைவிட மெலிசு. பஞ்சு எங்காவது சிக்கி ஓர் இழை பிய்ந்து நின்றால், அந்த இடத்தில் கயிற்றின் மேலுறை உரிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அங்கே ஒரு சிவப்பு நூலைக் கட்டுவார். இப்படி இருநூற்றுச் சொச்சம் கயிறுகள். நான் கதவைத் தட்டியபோது எழுபத்து மூன்றாவதில் இருந்தார். "உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார், பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து முதல் கயிற்றுக்குப் போய் உட்கார்ந்தார்.

"நடுவுல யாராவது பேசினா முதல்லேர்ந்து சார். தப்பா நினைச்சுக்காதீங்க. அதுவரைக்கும் டீ சாப்பிடுங்க."

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போச்சு. இன்னும் ஒரு மணி நேரம்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் அவரை லிஃப்ட்டுக்காரர் என்றால்தான் தெரியும். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு, உள்ளே நின்று வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் கதவை இரண்டங்குலம் நெம்பி, "சார், கயிறு நல்லா இருக்கு. நான் போன வாரம்தான் தடவிப் பார்த்தேன்" என்று ஆறுதல் சொன்னவர். மற்றவர்கள் கண்ணால் பார்க்கும் கயிற்றை அவர் தடவித்தான் பார்ப்பார். லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றில் ஒரு பழந்துணியைச் சுற்றி ஓட விடுவார். கம்பி இழை அறுந்திருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். அந்த வித்தையைத்தான் பஞ்சாக மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கூடம் முழுக்க நீலமும் மஞ்சளுமாகத் துணி. சோபாவைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தியாயிற்று. சாப்பாட்டு மேஜை சமையலறைக்குள் அடைக்கலம். அந்தக் கயிறுகளில் ஆளைத் தாங்கி மலையிலிருந்து மிதந்து இறங்கும், பதினோரு மீட்டர் அகலமுள்ள பாராகிளைடர் இறக்கை இந்தக் கூடத்தில் முழுசாக விரியாது; அதனால் பாதி பாதியாகச் சோதனை நடக்கும். இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாகத் திறந்திருக்கும் அறைகளுக்குள் கையை விட்டுத் துழாவுவார். மணல் வரும், சருகு வரும். ஒருமுறை உயிரோடு ஒரு வெட்டுக்கிளி வந்தது. "ஓசியிலேயே மலையிலேர்ந்து இறங்கியிருக்கான்" என்று பால்கனி வழியாக அதை அனுப்பிவைத்தார்.

எட்டு வருடமாகப் பறக்கிறார். இன்னமும் வைத்திருப்பது முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான இறக்கை. மலையில் கூடும் பையன்கள் அதற்குப் பால்புட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய இறக்கைகள் மெலிந்து நீண்டு, காற்றில் கொஞ்சம் கை தவறினாலும் கோபித்துக்கொள்பவை. இவருடையது தடித்த, பொறுமையான ஜாதி. ஒரு பக்கம் மடங்கினாலும் பெரும்பாலும் தானாக விரிந்துகொள்ளும். "பறக்கிறது நான் இல்ல சார். அதுதான் பறக்குது. நான் சும்மா கெடுக்காம உட்கார்ந்திருக்கேன்" என்பார். வேகமான ஒன்று வாங்கச் சொல்லி யாராவது நச்சரித்தால், "வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு இது போதும்" என்று பேச்சை முடித்துவிடுவார். சோதனையெல்லாம் தன் கையோடு நின்றுவிடாது என்பதும் அவருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை இறக்கை பட்டறைக்குப் போகும். துணி காற்றைக் கசிய விடுகிறதா என்று அங்கே கருவி வைத்துப் பார்ப்பார்கள். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் குட்டிப் பாராசூட்டும் கூடவே போய்ப் புதிதாக மடிக்கப்பட்டு வரும்.

அந்த "முதல்லேர்ந்து" வந்த கதையை அவரே சொன்னார். பழக ஆரம்பித்த வருடம், சின்ன மேட்டில் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்திருக்கிறது. ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று விளக்கிவிட்டுப் போனை வைத்தார். ஹெல்மெட்டை மாட்டினார், ஓடினார். இடுப்பு நாற்காலியை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு தொடைப் பட்டைகளையும் பூட்டவே இல்லை. பத்தடி உயர மேடு என்பதால் அக்குளில் தொங்கிக்கொண்டே சரிந்து, விலா எலும்பு கன்றிப்போனதோடு தப்பித்தார். பெரிய மலையாக இருந்திருந்தால் இந்தச் சித்திரத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றிலிருந்து போன் ஜீப்பிலேயே கிடக்கும். சோதனையின் நடுவே யாராவது வணக்கம் சொன்னால்கூட மறுபடி ஆரம்பம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வேண்டுமென்றே ஆறு தடவை வணக்கம் சொன்னார்கள். ஆறு தடவையும் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

அவருடைய இன்னொரு பைத்தியம் வெயில். "மழை நனைச்சா காயவெச்சுக்கலாம். வெயில் தின்னுச்சுன்னா திருப்பித் தராது" என்பது அவர் கட்சி. வெயில் துணியை உள்ளுக்குள் நைந்துபோக வைத்துவிடும், வெளியே தெரியாது. ஆகவே தரையைத் தொட்ட இரண்டாவது நிமிடம் இறக்கை சுருட்டப்பட்டு மரத்தடிக்குப் போய்விடும். ஒருமுறை இறங்கும்போது கணுக்கால் பிசகி, முகமெல்லாம் வெளிறிப்போன நிலையிலும் நொண்டிக்கொண்டே இறக்கையைச் சுருட்டிவிட்டுத்தான் "அம்மா" என்று உட்கார்ந்தாராம். இதைச் சொன்னவர் அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை. எங்கள் எல்லோருக்கும் மருந்துக்கடை அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எட்டு வருடமாக அவரை மலையுச்சியில் இறக்கிவிட்டு, ஜீப்பை ஓட்டிக்கொண்டு கீழே வந்து, புல்வெளியில் காத்திருந்து, கயிறுகளில் சிக்கெடுத்தவர். மருந்துச் சீட்டை இரண்டு முறை படிக்காமல் மாத்திரையைத் தொடாத பெண். போன வருடம் அக்காவின் பிறந்தநாள் அன்று என்ன வேண்டும் என்று இவர் கேட்டபோது, "எட்டு வருஷமா உங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குது. ஒரு தடவை நீங்க பாருங்க" என்றிருக்கிறார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், "யாராவது ஒருத்தர் தரையில இருந்து தொலைங்களேன்" என்று போனில் அலறியதைக் கண்டுகொள்ளவில்லை. பயிற்சி வகுப்பில் சேர்ந்து, அங்கே கொடுத்த இறக்கையில் சின்ன மேட்டிலிருந்து நாற்பது முறை இறங்கி, கடைசியில் அனுமதியும் வாங்கிவிட்டார். மூட்டையோடு எடை பார்த்ததில் இதே இறக்கை அவரையும் தாங்கும் என்று தெரிந்தது. இவருக்குத்தான் அது தாங்கும் எடையின் மேல்வரம்பு இரண்டே கிலோ தூரத்தில் இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் போனது அக்கா முதன்முதலாகப் பெரிய மலையிலிருந்து பறப்பதற்கு முந்தைய நாள். "நாளைக்கு நீங்களும் வாங்க சார்" என்றார் லிஃப்ட்டுக்காரர். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். ஆனாலும் போனேன். எனக்கே விடியற்காலை நாலு மணியிலிருந்து தூக்கமில்லை.

காலை ஏழரை. உச்சியில் ஒரு புல் சரிவு, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, ஆகாசம்தான். கம்பத்தில் கட்டிய சிவப்புத் துணிக்குழல் எங்கள் முகத்தைப் பார்த்து லேசாக நிமிர்ந்தது. எதிர்க்காற்று, அதுவும் மிதமாக. பயிற்சி கொடுக்கும் இளம்பெண்ணை எல்லோரும் டீச்சர் என்றார்கள். வந்ததும் அவர் செய்த முதல் காரியம் லிஃப்ட்டுக்காரர் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கியது. "புருஷன் கையில ரேடியோ கிடையாது அண்ணே. அக்காவுக்கு ஒரே குரல்தான் கேக்கணும்."

அக்கா சோதனையைத் தொடங்கினார். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஹெல்மெட், பூட்டியாச்சு. வலது தொடை, பூட்டியாச்சு." கை இடது தொடைப் பட்டைக்குப் போனது.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார் லிஃப்ட்டுக்காரர்.

அக்கா நிமிர்ந்து, "இல்லங்க" என்றார். குனிந்தபோது கை மார்புப் பட்டைக்குப் போயிருந்தது. "மார்பு, பூட்டியாச்சு." சட்டென்று நின்றார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். "நடுவுல பேசிட்டீங்க. முதல்லேர்ந்து." ஹெல்மெட்டைத் தொட்டார். வலது தொடையைத் தொட்டார். இடது தொடையைத் தொட்டார். பட்டை பூட்டாமல் கையோடு வந்தது.

டக்கென்று பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. டீச்சர் அதைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க கீழே போயிடுங்க. நீங்க போய்ச் சேர்ந்தப்புறம்தான் விடுவேன்" என்றார்.

மலைப்பாதையின் பதினாறு வளைவுகளிலும் அவர் கை ஸ்டியரிங்கைப் பிழிந்துகொண்டிருந்தது. கடைசி வளைவில், "எட்டு வருஷமா நான் போட்ட சட்டம் சார். நானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அக்கா சட்டத்தைக் காப்பாற்றிவிட்டாரே என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

புல்வெளியில் போய் நின்று கையை ஆட்டினோம். மேலே சரிவில் நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடு தெரிந்தது. அது எழுந்தது, வளைந்து நிமிர்ந்தது. அதன் கீழே ஒரு புள்ளி ஓடியது. பிறகு ஓடுவதற்குத் தரை இல்லை. புள்ளி மிதந்தது.

"பறக்குது" என்றார். "பறக்குது சார்." என் தோளை அவர் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. அப்புறம் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "எட்டு வருஷத்துல இதை நான் பார்த்ததே இல்ல சார். எப்பவும் அதுக்கு அடியிலதானே தொங்கிட்டு இருந்தேன். இவ்வளவு அழகாவா இருக்கும்?"

காலை வெயில் துணியை ஊடுருவி இறங்கியது. அவர் தடவித் தடவிப் பார்த்த கயிறுகள் இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவே இல்லை. அக்கா எதையும் பிடிக்காமல் நிற்பதுபோல இருந்தது. இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம், வலப்பக்கம் ஒன்று. ஒரு தடவை இறக்கை லேசாகக் குலுங்கியது. இவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அது தானாகவே நிதானமானது. "பால்புட்டி" என்றார், அழுகையும் சிரிப்புமாக. உண்மையைச் சொன்னால் நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். உயரத்தைக் கண்டு பயப்படுகிற நான் வாயைப் பிளந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் மேலேயே இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

எட்டாவது நிமிடம் அக்கா எங்கள் தலைக்கு மேலே வந்தார். காற்றைப் பார்த்துத் திரும்பினார். தரை நெருங்கியதும் இரண்டு கைகளையும் ஒருசேர இழுத்தார், இம்மியளவு தாமதமாக. நாலடி ஓடி, முட்டி மடங்கி, புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இறக்கை பெருமூச்சு விட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் சாய்ந்தது.

நாங்கள் ஓடிப்போனோம். உட்கார்ந்த இடத்திலேயே அக்கா பேச ஆரம்பித்துவிட்டார். "ஏங்க, மேலேருந்து பார்த்தா நீங்க எவ்வளவு சின்னதா இருக்கீங்க தெரியுமா? காலுக்குக் கீழே தரை போனதும் ஒரு சத்தமும் இல்ல. நான் சிரிக்கிறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் ஒரு குருவி, இல்ல பருந்து, பக்கத்துலேயே..."

இரண்டு நிமிடம் தாண்டியிருக்கும். மலைக்கு மேலே சூரியன் முழுசாக ஏறியிருந்தது. பதினோரு மீட்டர் துணியும் நேர் வெயிலில் விரிந்து கிடந்தது. எனக்குத்தான் பதறியது. "சார், இறக்கை. வெயில்" என்றேன்.

அக்கா பேச்சை நிறுத்தினார். லிஃப்ட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கைக்கு முதுகைக் காட்டி, அக்காவுக்கு எதிரே புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நடுவுல பேசிட்டாரு" என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."