கள்ளக்குறிச்சியில் போட்டி வறுவல் கேட்காதீர்கள்

மூன்று வருடம் கழித்துப் போன மாதம் மறுபடியும் கல்வராயன் மலைக்குப் போனேன். அருவி ஒரு சாக்குதான், இழுத்தது வயிறு. கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தை ஒட்டிய தெருவில் ஓர் அக்கா சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அங்கே சாப்பிட்ட போட்டி வறுவலை, அதாவது ஆட்டுக்குடல் மிளகு வறுவலை, இதே வலைப்பூவில் படத்தோடு புகழ்ந்திருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான்.

சின்னசேலத்தில் ரயிலிறங்கிப் பேருந்தில் கள்ளக்குறிச்சி. நிலையத்தருகே நூற்று எண்பது ரூபாய்க்குப் பிரியாணி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். சோற்றுக்குச் சாயம் பூசியதைத் தவிர சமையல்காரர் வேறொன்றும் செய்யவில்லை. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலை. அருவியில் தண்ணீர் பெயருக்குத்தான் இருந்தது. சாமைச் சோறு என்று பலகை வைத்த கடையில் சாமை பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டதாம்! ஆனால் நாட்டுக்கோழிக் குழம்பில் ஏமாற்று வேலை இல்லை. நூற்றிருபது ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம்.

மறுநாள் மதியம் கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். அக்கா கடை என்றதும் ஓட்டுநர், “கடை கீது சார். கூட்டந்தான் கம்மி” என்றார். கள்ளச்சாராயத்தில் ஆட்கள் செத்த தெருக்களைத் தாண்டித்தான் வண்டி போனது. அதைச் செய்தியில் படித்ததோடு சரி, இந்தக் கடையோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

கடையில் நான் ஒருவன்தான். போட்டி கேட்டேன், இல்லை என்றார் அக்கா. சரி, சாப்பாடு போடுங்கள் என்றேன். சோற்றில் கை வைத்தபோது ஒரு ஜோடி வாசலில் நின்று போட்டி கேட்டு, செல்போனை நீட்டியது. அதில் இருந்தது நான் எடுத்த படம். இல்லை என்றதும் உட்காராமலே பைக்கில் போய்விட்டார்கள். தினமும் இப்படித்தானாம். இப்படியே போனால் தை பிறப்பதற்குள் கடையை மூடிவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார். அப்படியானால் போட்டியை மறுபடி போடலாமே என்று சொல்லிவிட்டேன்.

“எங்க வூட்டுக்காரரு குடிக்கப் போறப்பல்லாம் ஒரு பொட்டலம் போட்டி கட்டிக்கினுதான் போவாருங்க. அன்னிக்கும் நான்தான் கட்டிக் குடுத்தேன். அந்த வாசன வந்தா எனக்குக் கை ஓடல.”

யாரோ எழுதி வைத்துவிட்டார், அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்றார். “அவரு எழுதறப்ப எங்க வூட்டுக்காரரு உசுரோட இருந்தாரு.”

எழுதியது நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீங்களே மாத்தி எழுதிடுங்க. எதுக்குன்னும் எழுதுங்க. தெனமும் என்னால சொல்ல முடியல.”

கேட்காமலே இன்னொரு கரண்டி கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்.

பழைய பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் படம் எத்தனை பேர் செல்போனில் இருக்கிறதோ, தெரியாது. அதனால்தான் இது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். சாப்பாடு எண்பது. பரிதாபத்தில் சொல்லவில்லை, அந்தக் கருவாட்டுக் குழம்பு போல இந்தப் பக்கம் நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். போட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் சொல்ல வேண்டியதை நான் இங்கே சொல்லிவிட்டேன்.