நீலச் சண்டியனும் என் மச்சாளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி பிளாட்டில் குடியிருந்தேன். என் கணவருக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்தவர் ஆசைக்கு ஒரு கடல்நீர் மீன் தொட்டியை வைத்துவிட்டு, அதைப் பராமரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அவர் போன கையோடு அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஷெல்லடியில் புருஷனை இழந்தவர். கனடாவிலிருந்த மகனிடம் போக விசா எடுக்க வந்திருந்தார். எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்லை" என்பதோடு கதை முடிந்துவிடும். நாள் முழுக்க அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.

தொட்டியில் விரல் நீளத்தில் ஒரு நீல மீன் இருந்தது. டாம்சல் இனம், லேசில் சாகாது என்று சொல்லித் தெஹிவளைக் கடைக்காரர் கொடுத்தது. அது சாகவில்லைதான். மற்ற மீன்களைத்தான் வாழ விடவில்லை. புதிதாக விட்ட மஞ்சள் மீனைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்துக் கிழித்தது. அடுத்த நாளே மஞ்சள் மீன் செத்து மிதந்தது. "அந்தச் சனியனைக் கடையிலேயே திருப்பிக் குடுத்திடு" என்று கணவர் போனில் சொன்னார்.

நான் வலையை எடுத்தபோதுதான் மச்சாள் முதன்முதலாக நீளமாகக் கதைத்தார்.

"விடும் பிள்ளை. முதல் வந்தது எண்டபடியா எல்லாம் தன்ர எண்டு நினைக்குது. கல்லெல்லாத்தையும் மாத்தி அடுக்கிப் பாப்பமே?"

கடைக்காரரிடமும் கேட்டேன். அவரும் அதைத்தான் சொன்னார். நீல மீனைப் பிடித்து ஒரு வாளியில் விட்டோம். கற்களைக் கலைத்து, ஒளிந்துகொள்ளப் பொந்துகள் கூடுதலாக இருக்கும்படி திரும்ப அடுக்கினோம். புது மீன்கள் இரண்டை முதலில் விட்டு, அவை பழகிய பிறகு, நடுவில் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து மறுபக்கம் நீல மீனை விட்டோம். ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும் என்று சில நாள் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் தட்டை எடுத்தோம். அப்போதும் அது துரத்தத்தான் செய்தது. ஆனால் மற்றவை சட்டென்று பொந்துக்குள் நுழைந்துகொண்டன. கடிபட்டு ஒன்றும் சாகவில்லை. மச்சாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் மாற்றக் கடலுக்குப் போவோம். ஒருநாள் பின்னேரம் கடல்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் கான்களோடு தண்டவாளத்தைக் கடந்து வரும்போது ஒரு ஆமிக்காரப் பொடியன் மறித்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். கடல் தண்ணீர், மீனுக்கு என்றேன். அவன் நம்பவில்லை. துவக்கை நகர்த்திக் கானைக் காட்டி, குடி என்றான். சிங்களமே தெரியாத மச்சாள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மூடியைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு இருமு இருமென்று இருமினார். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொன்னான். வீட்டுக்கு வரும்வரை நாங்களும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அது முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் ஒழுங்கையை ஆமியும் பொலிசும் சுற்றிவளைத்தார்கள். மச்சாள் கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்த பதிவு புதுப்பிக்கப்படாமல் இருந்தது. புதுப்பிக்க நாங்கள் போனபோதெல்லாம் பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லியும் பயனில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிப் போய்விட்டார்கள். வீட்டைப் பூட்டி, திறப்பைக் கீழ்மாடிச் சிங்கள அன்ரியின் கையில் திணித்துவிட்டு, பின்னாலேயே பொலிசுக்கு ஓடினேன். அடுத்த நாள் மத்தியானம்தான் மச்சாளை விட்டார்கள். அதுவரை நானும் அந்த வாசலிலேயே நின்றேன். வெளியே வந்தவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தொட்டி விளக்கு எரியவில்லை. கரண்ட் இல்லை. காற்றடிக்கும் மோட்டர் நின்றுபோனால் மீன்கள் மூச்சு முட்டிச் செத்துவிடும். பார்த்தால், அன்ரி ஒரு ஸ்டூலில் நின்றுகொண்டு, கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத் தூக்கித் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். காலையில் கரண்ட் போனதிலிருந்து அதையேதான் செய்கிறாராம். அவருடைய மகளும் மாறி மாறி ஊற்றியிருக்கிறாள்.

"இது மாளு இல்ல மகள், சண்டியா!" என்று, மீனுக்கு மட்டும் சிங்களச் சொல்லைப் போட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் என்னிடம் சொல்லிக் கையை நீட்டினார். கோப்பையை விட்ட நேரமெல்லாம் நீல மீன் வந்து விரலைக் கொத்தியிருக்கிறது. மற்ற இரண்டு மீன்களும்கூட உயிரோடு இருந்தன. மச்சாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். இருவருக்கும் ஒழுங்காகக் கதைக்கப் பொதுவாக ஒரு பாஷை கிடையாது.

அதற்குப் பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே மச்சாள் எழுந்து நின்றுவிடுவார். விசாவும் மறுக்கப்பட்டுவிட்டது. ஒருநாள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் ஊருக்குப் போறன் பிள்ளை. நான் இஞ்ச இருந்தா உமக்குத்தான் கரைச்சல்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ மச்சாள். திரும்ப விசாவுக்குப் போடலாம்" என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டே செருப்பைப் போட்டார். "நீலன்ர பக்கத்தில புதுசா ஒண்டையும் விடாதேயும். மூண்டும் போதும். பிறகு இடம் காணாமச் சண்டை பிடிக்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு சண்டை கடுமையாகி யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது. அங்கே போனும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, வன்னியிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வன்னிக்கு இடம்பெயர்ந்து போன இடத்தில், காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் மச்சாள் போய்விட்டாராம். விஷயத்தைக் கேள்விப்பட்டு அன்ரி மேலே வந்து என்னோடு உட்கார்ந்து அழுதார்.

நீல மீன் அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தது. அவர் சொன்னபடி வேறு மீன் எதையும் நான் விடவில்லை. மற்ற இரண்டையும் அது கடைசிவரை துரத்தியது, கொல்லவில்லை. அதை மச்சாளுக்குச் சொல்ல எனக்கு வழியே இருக்கவில்லை. ஒரு முரட்டு மீனும் மற்றதுகளும் உயிரோடிருக்க இரண்டு பெண்கள் சேர்ந்து இடம் பண்ணிக் கொடுத்தோம். ஆனால் அந்த மனுஷி பயமில்லாமல் படுத்தெழும்ப இந்தப் பெரிய கொழும்பில் ஓர் அறையைக் கொடுக்க என்னால் முடியவில்லையே என்ற துக்கம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.